பேண்ட் பாக்ஸ்: வாங்குற விலை வேற, அடக்க விலை வேற

பழைய பொருளை வாங்கிப் போட்டா பின்னாடி பணம் கொட்டும்னு நினைக்கிறீங்களா? அமெரிக்காவுல இருந்து ஒரு உதாரணம் பார்ப்போம்.

1950களின் தொடக்கத்தில் சிகாகோ காயின் கம்பெனி 'பேண்ட் பாக்ஸ்'னு ஒரு பெட்டி செஞ்சாங்க. சுவரில் மாட்டி ஜூக்பாக்ஸோட இணைச்சிடுவாங்க. காசு போட்டுப் பாட்டு ஓடினா திரை விலகும், குட்டி பொம்மை வாத்தியக்காரங்க ஆட ஆரம்பிப்பாங்க. பாட்டு முடிஞ்சா திரை மூடிக்கும். செம்ம அழகு, அதுல சந்தேகமே இல்லை!

கணக்குக்கு வருவோம். ஒருத்தர் 1,000 டாலருக்கு வாங்குறார்னு வச்சுக்குவோம். மோட்டார், இத்துப்போன வயர், கிழிஞ்ச திரைன்னு சரிபண்ண 900 டாலர் ஆகுது. உதிரிபாகம் சுலபமா கிடைக்காது. சில சமயம் அதுக்காகவே இன்னொரு உடைஞ்ச பெட்டியை வாங்கணும். பொம்மைக்குப் புது பெயிண்ட் அடிச்சா பளிச்னு இருக்கும். ஆனா அசல் பெயிண்ட் தேடுறவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கடைசியில 1,800-க்கு விக்கிறார். "800 டாலர் லாபம்"னு ஊரெல்லாம் சொல்லுவார். உண்மையில 100 டாலர் நஷ்டம்!

நிஜமாவே லாபம் வந்தாலும், ஒரு வருஷத்துக்கு மேல வச்சிருந்த பங்குக்கு அங்கே மத்திய அரசோட லாப வரி அதிகபட்சம் 20%, சேகரிப்புப் பொருளுக்கு 28%. ஆசைக்கு வச்சிருந்த பொருள்ல நஷ்டம்னா வரியில கழிச்சுக்கவும் முடியாது.