வீட்டு மேசையில் சிறு கணினி

பெங்களூர் எஸ்.பி. சாலைக் கடைகளில், அலுவலகங்கள் பயன்படுத்திக் கழித்த சிறு மேசைக் கணினிகள் மலிவாகக் கிடைக்கின்றன. தடித்த புத்தக அளவே உள்ள பெட்டி. திரையின் பின்புறத்திலேயே திருகி மாட்டிவிடலாம். மின்செலவும் குறைவு. ஆனால், வங்கி அலுவலன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள்: வாங்கிய அன்றே அதில் இணைய வங்கிக் கணக்கைத் திறவாதீர்கள்.

பிறர் நிறுவிய இயங்குதளத்தில் என்ன ஒளிந்திருக்கிறது என்பதை நாம் அறிய இயலாது. தட்டச்சு செய்யும் கடவுச்சொல்லைப் பதிவு செய்து வெளியே அனுப்பும் மென்பொருளும் இருக்கலாம். ஆகவே வட்டை முழுமையாக அழித்து, உரிமம் பெற்ற விண்டோஸையோ இலவசமான லினக்ஸையோ புதிதாக நிறுவச் செய்யுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருத்தல் வேண்டும். 'எல்லாம் ஓடும்' என்றுதான் கடைக்காரர் சொல்வார். பணம் கொடுக்குமுன் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

மடிக்கணினியைப் போல் இதற்குள் மின்கலம் இல்லை. பணம் அனுப்பும் வேளையில் மின்சாரம் நின்றால், பதற்றத்தில் மீண்டும் அனுப்பிவிடுவோர் உண்டு. முதலில் கைப்பேசியில் கணக்கு விவரத்தைப் பாருங்கள். கணினியையும் இணைய ரௌட்டரையும் ஒரே யுபிஎஸ்ஸில் இணைத்துவிட்டால் இத்தொல்லை பெரிதும் குறையும்.

வங்கியின் இணைய முகவரியைத் தேடுபொறியில் தேடாமல் தாங்களே தட்டச்சு செய்யுங்கள். அது 'டாட் பேங்க் டாட் இன்' என முடிகிறதா எனவும் கவனியுங்கள்; இந்திய வங்கிகளுக்கென ரிசர்வ் வங்கி வகுத்த முகவரி அது. அறியாத பற்று ஏதேனும் தென்பட்டால் உடனே வங்கிக்கும் 1930 என்ற உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள்.