அம்மை காத்த உயிர்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடிக்குப் போயிருக்கிறீர்களா? வழியெல்லாம் பனையும் கண்மாயும் வானம் பார்த்த பூமியுந்தான். நரிக்குடியை அடுத்த முக்குளத்தில் பிறந்தவர்கள் சிவகங்கைச் சீமையை ஆண்ட மருது சகோதரர்கள். 1801-ம் வருஷம் கும்பினியாரை எதிர்த்து அவர்கள் தொடுத்த போரைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். அந்தப் போருக்கு ஒரு வீரனை மீட்டுக் கொடுத்த தாயைப் பற்றித் தெரியுமா?

கதை தெற்கே பாஞ்சாலங்குறிச்சியில் ஆரம்பிக்கிறது. 1799-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கும்பினியார், அவர் தம்பி ஊமைத்துரையைப் பாளையங்கோட்டையில் சிறை வைத்தார்கள். 1801 பிப்ரவரியில் அவர் தப்பி வந்தார். இடித்துப் போட்ட மண்கோட்டை சில நாட்களில் மீண்டும் எழுந்து நின்றது! மார்ச் 31-ந் தேதி அதைத் தாக்கிய கும்பினிப் படை தோற்றுத் திரும்பியது. மே 24-ந் தேதி பெரும்படையும் பீரங்கிகளும் வந்தன, கோட்டை விழுந்தது. தப்பி ஓடியவர்களைக் குதிரைப்படை துரத்தி வெட்டியது.

சண்டை ஓய்ந்ததும் கிராமத்துப் பெண்கள் பிணங்களுக்கு நடுவே தங்கள் பிள்ளைகளைத் தேடினார்கள். ஒருத்திக்கு மகன் கிடைத்தான், குற்றுயிராக. தூக்கப் போனவளை அவன் தடுத்தான். தன்னை விட்டுவிட்டு, பக்கத்தில் காயம்பட்டுக் கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்றும்படி கெஞ்சினான். பெற்ற மனம் என்ன பாடுபட்டிருக்கும்! ஆனாலும் அவள் ஊமைத்துரையைத்தான் வீட்டுக்குக் கொண்டு போனாள்.

எட்டையபுரத்து ஆட்கள் தேடி வந்தார்கள். பெண்கள் அவரை வெள்ளைத் துணியால் மூடி, அம்மை கண்டு இறந்துவிட்டதாக ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் பயந்து ஓடினார்கள். அந்தத் தாயின் அழுகையைப் பொய்யழுகை என்று யார் சொல்ல முடியும்?

எதிரிப் படையில் இருந்த வெல்ஷ் துரையே பின்னாளில் இதை எழுதி வைத்தார்.

பிழைத்த ஊமைத்துரை கமுதிக்கு வந்து மருதுவிடம் அடைக்கலமானார். போர் சிவகங்கைச் சீமையெங்கும் மூண்டது. அக்டோபர் 24-ந் தேதி மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். நவம்பர் 16-ந் தேதி ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சியில். சின்ன மருதுவின் இளம் பிள்ளை துரைசாமியையும் எழுபதுக்கு மேற்பட்டவர்களையும் 1802 பிப்ரவரியில் பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றினார்கள். 1818-ல் அங்கே அவனைக் கண்ட வெல்ஷுக்கு அடையாளமே தெரியவில்லை; கிழவனைப் போல் தளர்ந்திருந்தான்.

அந்தத் தாய் காத்த உயிர் ஆறு மாதங்கூட நிலைக்கவில்லை. ஆனால் அவள் மகன் கேட்டது ஜயத்தையல்ல, தலைவனின் உயிரை. அதை அவள் கொடுத்துவிட்டாள்.