கோட் எழுதுறதுக்கு முன்னாடியே கேளுங்க

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க: "முழுசா எழுதி ரிவ்யூவுக்குப் போட்டா, டிசைனே சரியில்லைங்கிறாங்க. என்ன பண்றது?" அந்தக் கட்டத்துல பெருசா ஒண்ணும் பண்ண முடியாது. அதனால இன்னைக்கு அதுக்கு முந்தின கட்டத்தைப் பத்திப் பேசலாம்.

லினக்ஸ்ல இதுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு. 2004. லினக்ஸ்ல இசை பதிவு பண்றவங்களுக்கு ஒரு தொல்லை: கம்ப்யூட்டர் வேற வேலையில மாட்டினா ஒலி நடுநடுவே விட்டுப்போகும். ஆடியோ புரோகிராமுக்கு ரியல்டைம் முன்னுரிமை கொடுத்தா சரியாகும். அதைக் கொடுக்க ஆடியோ டெவலப்பர்கள் ஒரு கெர்னல் மாட்யூல் எழுதினாங்க. எல்.எஸ்.எம். என்ற பாதுகாப்பு அமைப்போட இணைஞ்சு அது வேலை செய்யும். எழுதி முடிச்சுத்தான் கெர்னல் ஆட்கள்கிட்ட கொண்டுபோனாங்க.

அவங்க ஏத்துக்கல. எல்.எஸ்.எம். இருக்கிறது தடுக்கிறதுக்கு, அதை வெச்சுக் கூடுதல் அதிகாரம் கொடுக்கக் கூடாதுன்னாங்க. ஏற்கெனவே இருக்கிற ஆர்லிமிட் முறையை நீட்டினா போதும்னு மாற்று வழியும் சொன்னாங்க. ஆடியோ தரப்பு இறங்கி வரல. மனக்கசப்புதான் மிச்சம். 2005-ல ஆர்லிமிட் வழிதான் கெர்னலுக்குள்ள வந்தது. கெர்னலோட சொந்த ஆவணமே புதுசா வர்றவங்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுது.

இதுல யாரும் முட்டாள் இல்லை. பிரச்சினை நிஜம், கோடும் ஓடுச்சு. ஆனா ஓடுற கோடு கையில இருந்தா, "எப்படிப் பண்ணலாம்"னு யாரும் கேக்க மாட்டோம், "சேத்துக்கோங்க"ன்னுதான் கேப்போம். பாக்குறவருக்கும் சங்கடம். மூணு வார உழைப்பைப் பாத்து "இந்த வழியே வேணாம்"னு சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? வேரியபிள் பேரை மாத்தச் சொல்லிட்டு அப்ரூவ் பண்ணிருவாங்க.

எங்க டீம்ல புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன், டீ குடிக்கிற இடத்துல ஒரு சீனியர் அக்காகிட்ட அரைப் பக்கம் காட்டினான். பேமெண்ட் கேட்வே "பணம் வந்துருச்சு"ன்னு மெசேஜ் அனுப்பினதும் வாலெட்ல தொகையைக் கூட்டணும், அவ்வளவுதான் டிசைன். அக்கா கேட்டது ஒரே கேள்வி: "அதே மெசேஜ் ரெண்டு தடவை வந்தா?" வரும். நம்ம சர்வர் பதில் சொல்லலைன்னா கேட்வே திரும்ப அனுப்பும். பேமெண்ட் ஐடி ஏற்கெனவே பதிவாகியிருந்தா விட்டுடணும்னு அவன் ஒரு வரி சேர்த்தான். டேபிளே உருவாகாத நேரத்துல அது ஒரு வரி வேலை. லைவ் போன பிறகுன்னா, யார் வாலெட்ல ரெண்டு தடவை ஏறிச்சுன்னு உக்காந்து தேடணும்.

"டைம் கிடைச்சா பாருங்க"ன்னு மட்டும் அனுப்பாதீங்க, யாருக்கும் டைம் கிடைக்காது. பிரச்சினையை முதல்ல எழுதுங்க, தீர்வை அப்புறம். எந்த இடத்துல சந்தேகம்னு குறிச்சுக் கேளுங்க.

அரைகுறையா காட்ட வெட்கமா? இன்டர்நெட்டோட ஆர்.எஃப்.சி. ஆவணங்கள் 1969-ல தொடங்கினப்ப, ஸ்டீவ் கிராக்கர் ஒரு மாணவர். மூணாவது ஆர்.எஃப்.சி.யிலேயே அவர் விதி எழுதிட்டார்: பதில் இல்லாத கேள்வியையும் அனுப்பலாம், குறைந்தபட்ச நீளம் ஒரே ஒரு வாக்கியம்.

ஒரு எச்சரிக்கை. டீக்கடைப் பேச்சை அன்னைக்கே ரெண்டு வரியா டீம் சேனல்ல போட்டுருங்க. அப்புறம், டிசைன் மீட்டிங்ல "அக்கா ஓகே சொல்லிட்டாங்க"ன்னு ஆரம்பிக்காதீங்க. அவங்க கேட்டது அஞ்சு நிமிஷம், அதுவும் கையில டீயோட.