நாடகமும் கேள்வியும் – 6: ஆமென்ற சிறுவன், மறுத்த சிறுவன்

பார்வையாளர் கதையில் கரைந்துவிடாமல், மேடையில் நடப்பதைச் சற்று விலகி நின்று பார்த்து, இது இப்படித்தான் நடந்தாக வேண்டுமா என்று கேட்கும்படி செய்வதற்காக ஜெர்மானிய நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் வகுத்த உத்திகள் தூரப்படுத்தல் எனப்படுகின்றன. இதனை அந்நியமாதல் என்று எழுதுவோரும் உண்டு. ஆனால் உழைப்பவர் தம் உழைப்பின் விளைவிலிருந்தே பிரிக்கப்படும் நிலையை மார்க்ஸ் விளக்கியதற்கும் அதே சொல் வழங்குவதால், ஜெர்மன் மொழியில் இரு தனிச்சொற்களாக இருப்பவை தமிழில் ஒன்றாகிக் குழம்புகின்றன. சீன நடிகர் மெய் லான்ஃபாங்கின் நடிப்பை 1935இல் மாஸ்கோவில் கண்ட பிறகே பிரெக்டின் கட்டுரைகளில் இக்கருத்து முழு உருப்பெற்றது. உத்தியோ அதற்கு முன்பே மாணவர்களின் கைக்குப் போயிருந்தது.

1930 ஜூனில் பெர்லினில் மாணவர்கள் அரங்கேற்றிய 'ஆமென்பவன்', கூர்ட் வைல் இசையமைத்த பள்ளி இசைநாடகம். ஆர்தர் வேலி ஆங்கிலத்தில் தந்த 'தானிகோ' என்னும் ஜப்பானிய நோ நாடகத்தை எலிசபெத் ஹாப்ட்மன் ஜெர்மனில் பெயர்க்க, அதிலிருந்து இது உருவானது. நோயுற்ற தாய்க்கு மருந்து கொண்டுவர ஆசிரியரின் மலைப்பயணத்தில் சேரும் சிறுவன் வழியில் தானே நோயுறுகிறான். அத்தகையவனைப் பள்ளத்தாக்கில் தள்ளிவிடுவதும், தள்ளுமுன் அவன் சம்மதத்தைக் கேட்பதும், அவன் ஆம் என்றே விடையளிப்பதும் வழக்கம். நோ மரபை ஒட்டி ஆசிரியர் அவையை நேரே நோக்கித் தம்மை அறிமுகம் செய்துகொள்கிறார். சம்மதம் கற்கப்பட வேண்டியது என்று பாடகர் குழு தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறது. இத்தனை விலகல் இருந்தும், சமயச் சார்புள்ள விமர்சகர் சிலர் அதனைத் தியாகத்தின் பெருமையாகவே வரவேற்றனர்.

விலகி நின்று பார்த்தவர்கள் பெர்லினின் நொய்கெல்ன் பகுதியிலிருந்த கார்ல் மார்க்ஸ் பள்ளியின் மாணவர்கள். அந்தச் சிறுவன் ஏன் சாக வேண்டும், அவ்வழக்கம் சரிதானா என்று அவர்கள் எழுப்பிய ஆட்சேபங்களை ஏற்று, பிரெக்ட் நாடகத்தைத் திருத்தி, ஊரெங்கும் பரவிய கொள்ளைநோய்க்கு மருந்து தேடும் பயணமாக மாற்றினார்; கூடவே, பழைய வழக்கத்தை ஏற்க மறுத்து, புதிய நிலைமையில் புதிதாகச் சிந்திப்பதையே வழக்கமாக்கச் சொல்லும் சிறுவனைக் கொண்ட 'இல்லையென்பவன்' நாடகத்தையும் எழுதினார். இயன்றவரை இரண்டையும் சேர்த்தே நடிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். ஒரே கதை இருமுறை, இரு முடிவுகளோடு வரும்போது, எந்த முடிவும் விதியாகத் தோன்றுவதில்லை. அறிவிப்புப் பலகைகளும் மறைக்கப்படாத விளக்குகளும் தனியே இதைச் சாதிப்பதில்லை, கேள்வி இல்லாத இடத்தில் அவை வெறும் அலங்காரமே.

ஒத்திகைக்குப் பிரெக்ட் பரிந்துரைத்த பயிற்சிகள் மூன்று: வசனத்தைப் படர்க்கையில் சொல்வது, இறந்தகாலத்தில் சொல்வது, மேடைக் குறிப்புகளையும் சேர்த்து உரக்கப் படிப்பது. பாத்திரத்துக்கும் தனக்குமான இடைவெளியை மறைக்கும் தேர்ச்சி இல்லாத மாணவ நடிகருக்கு இவை தொழில்முறை நடிகரைவிட எளிதில் வாய்க்கக்கூடும். சிறுவனாக நடிப்பவர் ஒத்திகையில், 'அவன் சற்றுத் தயங்கி நின்றான், பிறகு ஆம் என்றான்' என்று சொல்லிப் பழகும்போது, சொல்லாமல் விட்ட 'இல்லை' அந்தத் தயக்கத்தில் தங்கிவிடுகிறது. மேடையில் 'ஆம்' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் அவர் பேசினாலும், மற்றொன்றையும் பேசியிருக்க முடியும் என்பது அவையோருக்குத் தெரிகிறது.