டம்ளர் காபியில் உள்ள துவர்ப்பு

சேர்வராயன் மலையில் விளையும் காபிக்கொட்டையில் மிகுதியாக உள்ள பாலிபீனால் குளோரோஜெனிக் அமிலம். கத்தரிக்காயிலும் இது உண்டு. நறுக்கிய கத்தரிக்காயைத் தண்ணீரில் போடாமல் விட்டால் கறுத்துப்போவது, காயிலுள்ள நொதி இந்த அமிலத்தைக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்த்துவிடுவதால்தான். பூச்சியையும் பூஞ்சையையும் தடுக்கச் செடிகள் உண்டாக்கிக்கொள்ளும் பொருள்களே பாலிபீனால்கள். வாழைப்பூவின் துவர்ப்பும் கடுக்காயின் துவர்ப்பும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

அந்த மலையிலுள்ள ஏற்காட்டுக்குக் காபி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் வழியாக. சுமார் 1,500 மீட்டர் உயரம் வரை, சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடிகளோடு அரபிகா இங்கே வளர்கிறது. பச்சை அரபிகா கொட்டையின் எடையில் ஏறத்தாழ 5 முதல் 8 சதவீதம் குளோரோஜெனிக் அமிலங்கள். ரொபஸ்டாவில் இன்னும் கூடுதல். வறுக்க வறுக்க இது சிதைகிறது. கருகும்வரை வறுத்த கொட்டையில் மணம் தூக்கலாக இருக்கும், அமிலத்தின் பெரும்பகுதி போயிருக்கும். சிக்கரி சேர்த்தால் தூளில் காபியின் பங்கே குறைகிறது. சட்டப்படி 51 சதவீதம் காபி இருந்தாலே போதும்.

ஆய்வகத்தில் மொத்தப் பாலிபீனாலை அளக்கும் எளிய வழி ஃபோலின்-சியோகால்டு முறை. அரைத்த தூளைத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த கரைசலில் ஊறவைத்து வடிகட்டுகிறார்கள். வடித்த சாற்றில் மஞ்சள் நிற வினைப்பொருளையும் சோடியம் கார்பனேட்டையும் சேர்த்துக் காத்திருந்தால் நீலம் ஏறும். அந்த நீலத்தின் அடர்த்தியை 765 நானோமீட்டர் ஒளியில் அளந்து, கேலிக் அமிலத்தோடு ஒப்பிட்டு எண்ணாகச் சொல்கிறார்கள். மலிவான, விரைவான முறை, ஆனால் ஏமாற்றக்கூடியது. வைட்டமின் சி இருந்தாலும் நீலம் ஏறும். நெல்லிக்காயில் இரண்டுமே இருப்பதால், வரும் எண் எதற்குரியது என்று இந்த முறை பிரித்துச் சொல்லாது. பிரித்தறிய ஹெச்பிஎல்சி கருவி வேண்டும். மெல்லிய குழாயில் அடைத்த துகள்களின் ஊடே சாறு அழுத்தத்தோடு செல்லும்போது ஒவ்வொரு பொருளும் தனித்தனி நேரத்தில் வெளிவரும். குளோரோஜெனிக் அமிலம் 325 நானோமீட்டரை ஒட்டிய ஒளியில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பாலிபீனாலை மனதில் வைத்துப் பொட்டலத்தில் ‘ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது’ என்று அச்சிட்டிருந்தால், எந்த முறையில் அளந்தது என்று கேட்பதே நியாயம்.

குழாயில் அளந்தது அப்படியே உடலுக்குச் சேர்வதில்லை. குடித்த குளோரோஜெனிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. மீதியைப் பெருங்குடலின் நுண்ணுயிரிகள் உடைத்துச் சிறு அமிலங்களாக்குகின்றன. காபி குடிப்பவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு குறைவாக வருவதைப் பல நாடுகளின் நெடுநாள் கண்காணிப்பு ஆய்வுகள் காட்டியுள்ளன. காஃபின் நீக்கிய காபியிலும் அது தெரிவதால் சந்தேகம் பாலிபீனால் பக்கம் திரும்புகிறது. ஆனாலும் இது தொடர்புதான், நிரூபணம் அல்ல. காபியை மருந்தாக நினைத்துக் குடிப்பது தவறு.

கெடுதலும் உண்டு. பாலிபீனால்கள் உணவிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன. 1983இல் வெளியான ஓர் ஆய்வில், உணவோடு குடித்த ஒரு கோப்பை காபி இரும்பு உறிஞ்சப்படுவதை 39 சதவீதம் குறைத்தது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோதும் தடை அதே அளவு இருந்தது. ஒரு மணி நேரம் முன்னதாகக் குடித்தபோது இல்லை. இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இரத்தசோகை உள்ளவர்கள் டிபனோடு காபி குடிக்கும் வழக்கத்தை விட்டு, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே அந்த டம்ளரைக் குடித்துவிடுவது நல்லது.