40% செயல்திறன் கொண்ட கார் எஞ்சின்... உங்கள் காருக்கும் அது கிடைக்குமா?

"இந்த எஞ்சினின் வெப்பச் செயல்திறன் 40%." புதிய கார்களைப் பற்றிப் படிக்கும்போது இப்படி ஒரு வரி கண்ணில் பட்டிருக்கலாம். டொயோட்டாவின் 2.5 லிட்டர் எஞ்சினுக்கு அந்நிறுவனம் சொல்லும் எண் அது.

அப்படியென்றால் மிச்சம் 60% எங்கே போகிறது?

வெப்பமாக வீணாகிறது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறிவிடும். நீங்கள் காசு கொடுத்து நிரப்பும் பெட்ரோலில் பாதிக்கும் குறைவுதான் எஞ்சினைச் சுழற்றுகிறது.

எப்படி அளக்கிறார்கள்?

எஞ்சினைத் தனியாக டைனமோமீட்டர் எனும் கருவியில் பொருத்துவார்கள். எஞ்சின் ஓடும்போது அந்தக் கருவி பிரேக் போடுவதுபோல் எதிர்ப்புக் கொடுக்கும். அப்போது 3 விவரங்களைக் குறித்துக்கொள்வார்கள்:

- முறுக்குவிசை
- சுழலும் வேகம்
- செலவாகும் பெட்ரோலின் எடை

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாமா?

எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழல்கிறது. முறுக்குவிசை 100 நியூட்டன் மீட்டர். இரண்டையும் வைத்துக் கணக்கிட்டால், வெளிவரும் சக்தி சுமார் 31 கிலோவாட்.

அதற்கு மணிக்கு 7.5 கிலோகிராம் பெட்ரோல் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 43 மெகாஜூல் எரிசக்தி இருக்கிறது. அப்படியானால் உள்ளே போவது கிட்டத்தட்ட 90 கிலோவாட்.

31-ஐ 90-ஆல் வகுத்தால் சுமார் 35%. அவ்வளவுதான்!

சரி, சாலையிலும் அதே எண்தானா?

இல்லை. விளம்பரத்தில் வருவது உச்ச அளவு. குறிப்பிட்ட வேகத்தில், குறிப்பிட்ட சுமையில் மட்டுமே அது கிடைக்கும். 2017இல் மெர்சிடிஸ் ஃபார்முலா 1 எஞ்சின் 50 விழுக்காட்டைத் தாண்டியதும் சோதனைக்கூடத்தில்தான்.

நகருக்குள் மெதுவாகப் போகும்போது எஞ்சின் கொடுக்கும் வேலை குறைவு. ஆனால் உராய்வுக்கும் காற்றை உள்ளிழுப்பதற்கும் செலவாகும் சக்தி அந்த அளவுக்குக் குறைவதில்லை. அதனால் செயல்திறன் இறங்கிவிடும்.

கார் நின்றுகொண்டிருக்க, எஞ்சின் மட்டும் ஓடினால்? சக்கரத்துக்கு எதுவும் போகாது. செயல்திறன் 0%! சிங்கப்பூரில் காரை நிறுத்திவைத்துவிட்டு எஞ்சினை ஓடவிடுவது குற்றமும்கூட.

அப்போ, நீங்கள் எதைப் பார்க்கவேண்டும்?

கார் வாங்கும்போது எரிபொருள் சிக்கன வில்லையில் "100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்" என்பதைப் பாருங்கள். எஞ்சின் மட்டுமல்ல, காரின் எடை, கியர் எல்லாம் அந்த எண்ணில் அடங்கும்.

உங்கள் காரை நீங்களே சோதிக்கலாம். தொட்டியை முழுமையாக நிரப்பி, பயணத் தூரத்தைப் பூஜ்யமாக்குங்கள். ஓட்டிவிட்டு மீண்டும் முழுமையாக நிரப்புங்கள். 400 கிலோமீட்டருக்கு 32 லிட்டர் பிடித்தால், 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர்.

வில்லையில் உள்ள எண்ணைவிட அது அதிகமா? டயர் காற்றழுத்தத்தையும் நீங்கள் ஓட்டும் விதத்தையும் முதலில் கவனியுங்கள்.