கோயம்புத்தூர்த் தாயியின் தட்டுகளும் மறுவெளியீட்டின் கடமையும்

ஒரு பாடகரோ குழுவோ தொடக்கக் காலத்தில் பதிவு செய்த இசைத்தட்டு கடைகளிலிருந்து மறைந்து சேகரிப்பாளர்களின் அலமாரிகளுக்குள் ஒடுங்கிவிட்ட பின்னர், அதை மூல ஒலிநாடாவிலிருந்தோ நல்ல நிலையில் எஞ்சியிருக்கும் பிரதியிலிருந்தோ எடுத்து மீண்டும் கேட்பவர் கைக்குக் கொண்டுவருவதை மறுவெளியீடு என்கிறோம். இந்தப் பணியை இன்று மிகுந்த அக்கறையோடு செய்துவருபவர்களுள் ஐரோப்பிய த்ராஷ் மெட்டல் ரசிகர்களுக்கும் அவர்களுக்காகத் தட்டு வெளியிடும் நிறுவனங்களுக்கும் தனி இடம் உண்டு. ஹெவி மெட்டலின் கனத்த கிதார் ஒலியைப் பங்க் இசையின் வேகத்தோடு பிணைத்து 1980-களில் உருவான த்ராஷ் மெட்டல், ஜெர்மனியில் ரூர் பகுதியின் நிலக்கரி நகரங்களில்தான் ஆழமாக வேரூன்றியது. அப்பகுதியின் எஸ்ஸன் நகரத்து இளைஞர் மூவர் அடங்கிய 'க்ரியேட்டர்' குழு, பதின்ம வயதைத் தாண்டாத மில்லே பெட்ரோஸ்ஸாவின் கிதாரோடும் கரகரத்த குரலோடும், 'எண்ட்லெஸ் பெயின்' என்ற தன் முதல் ஆல்பத்தை 1985-ல் நாய்ஸ் ரெக்கார்ட்ஸ் வழியாக வெளியிட்டது. அது 2000-ல் மறுவெளியீடு கண்டபோது, குழு 'டார்மென்டர்' என்ற பழைய பெயரில் செய்துவைத்திருந்த மாதிரிப் பதிவுகளும் உடன் சேர்க்கப்பட்டன. செப்பமற்ற அந்தப் பதிவுகளைச் சேர்த்ததே அவ்வெளியீட்டின் சிறப்பு எனலாம். ஆல்பத்தின் ஒலி எங்கிருந்து புறப்பட்டு எப்படி உருத்திரண்டது என்பதை அவையின்றி எவரும் உணர்ந்திருக்க முடியாது.

இத்தகைய அக்கறையைக் கொங்கு நாடு தன் சொந்தச் சொத்து ஒன்றுக்குக் காட்ட வேண்டிய காலம் வந்துவிட்டது. அச்சொத்து, 1872-ல் பிறந்து 1917-ல் மறைந்த கோயம்புத்தூர்த் தாயி என்ற பாடகியின் குரல். தேவதாசி மரபில் வந்து, சென்னையில் புகழ்பெற்று, ஊர்ப் பெயரையே அடையாளமாகத் தாங்கிய அவர், கிராமபோன் கம்பெனிக்காக ஏராளமான தட்டுகளில் பாடினார். அச்சிட்ட லேபிள்களோடு வீடுவீடாகச் சென்ற அத்தட்டுகள், கோயம்புத்தூர் என்ற பெயரை அவ்வூரைக் கண்டிராத பலரிடமும் கொண்டுசேர்த்தன.

அக்காலத்தில் பதிவு நடந்த முறையை அறிந்தால்தான் அந்தத் தட்டுகளின் மதிப்பு விளங்கும். கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பர்க் 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்ததிலிருந்து இந்தியாவில் இத்தொழில் தொடங்கியது. ஒலிவாங்கி வழியாக மின்முறையில் பதிவு செய்யும் வழக்கம் 1925-க்குப் பிறகே வந்ததால், தாயியின் காலத்தில் பாடகர் ஒரு தகரக் கூம்பின் வாயருகே நின்று உரக்கப் பாட வேண்டியிருந்தது. கூம்பின் முனையிலிருந்த மென்தகடு அதிர, அந்த அதிர்வை ஓர் ஊசி சுழலும் மெழுகுத் தட்டில் வரியாகக் கீறியது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே அடங்கும் என்பதால், மேடையில் நெடுநேரம் விரியும் ஆலாபனையும் நிரவலும் சில கணங்களுக்குள் சுருங்கின. 1908-ல் கல்கத்தாவில் தட்டுத் தொழிற்சாலை திறக்கப்படும் வரை, இங்கே பதிவான மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குச் சென்று அங்கே அச்சாகித் திரும்பின. தட்டுகளுக்குப் பிணைப்புப் பொருளான அரக்கோ பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

சபை வித்வான்கள் பலர் கூம்பின் முன் பாடத் தயங்கிய அந்த நாட்களில், தேவதாசி மரபுப் பெண்களே முதலில் துணிந்து முன்வந்தனர். தென்னிந்திய இசையின் தொடக்கக் கால ஒலிச்சான்றுகளில் பெரும்பகுதி அவர்களுடைய குரலாகவே இருப்பதற்கு இதுவே காரணம். பின்னாளில் அம்மரபையே சமூகம் ஒதுக்கி மறந்தபோது, அவர்களுடைய கலைக்குத் தட்டுகள் மட்டும் சாட்சியாக நின்றன. தாயியின் தட்டுகளை வெறும் பழம்பொருளாக எண்ணுவது இந்த வரலாற்றுக்குச் செய்யும் அநீதியாகும்.

அந்தக் குரல் எவ்வளவு தூரம் சென்றது என்பதற்குப் பாரிஸ் நகரத்தில் ஒரு சான்று உண்டு. மோரிஸ் ராவெல் என்ற புகழ்பெற்ற இசையமைப்பாளரின் மாணவரான மோரிஸ் டெலாஜ், 1912-ல் இந்தியாவுக்குப் பயணம் வந்தவர். இங்கே பதிவான தட்டுகளை ஊன்றிக் கேட்டவர். தாயி பாடிய ராகமாலிகைத் தட்டு ஒன்றை அடியொற்றி, குரலுக்கும் பியானோவுக்குமாக 'ராகமாலிகா' என்ற படைப்பை அவர் எழுதினார். 'தமிழ்ப் பாட்டு' என்பதே அதன் துணைத் தலைப்பு. பியானோவின் பளிச்சென்ற ஒலி இந்தப் பாட்டுக்குப் பொருந்தாது என்று உணர்ந்த அவர், ஒரு குறிப்பிட்ட சுரத்தின் தந்திகளுக்கு அடியில் அட்டைத் துண்டு வைத்து ஒலியை மழுக்கும்படி குறிப்பு எழுதினார். தந்திகளுக்கிடையே பொருள்களைச் செருகிப் பியானோவின் குரலையே மாற்றும் உத்தியை அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1940 வாக்கில் புகழ்பெறச் செய்வதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, ஒரு தமிழ்ப் பாடகியின் தட்டு அந்தச் சிந்தனையைத் தூண்டிவிட்டிருக்கிறது.

தாயியின் பாட்டுகள் இன்று பெரும்பாலும் தனித்தனிப் பக்கங்களாக, சேகரிப்பாளர்கள் விரும்பி மின்வடிவாக்கிய பதிவுகளாகவே கேட்கக் கிடைக்கின்றன. அவர்களுக்கு நன்றி சொல்லியே தீர வேண்டும். எனினும் முறையான மறுவெளியீடு இதைவிட அதிகம் கோருகிறது. முதல் சிக்கல் வேகம். பழைய தட்டுகளை 78 சுற்றுத் தட்டுகள் என்று பொதுவாகச் சொன்னாலும், அக்காலப் பதிவுகள் நிமிடத்துக்கு எழுபது சுற்றுகளுக்குச் சற்று மேலிருந்து எண்பதுக்கு மேல் வரை வெவ்வேறு வேகங்களில் செய்யப்பட்டவை. குறைந்த வேகத்தில் பதிவானதை 78-ல் ஓட்டினால் சுருதி உயர்ந்து, காலப்பிரமாணம் விரைந்து, குரல் சிறுமியின் குரலைப்போல் கீச்சிடும். பழைய பாடகியர் எல்லோருமே கீச்சுக் குரலினர் என்று இசை ரசிகர்களிடையே பரவியிருக்கும் எண்ணத்தில் பெரும்பங்கு இந்தப் பிழையிலிருந்து வந்ததாகவே தோன்றுகிறது. அடுத்தது முள். எல்.பி. தட்டின் வரியைவிட இத்தட்டுகளின் வரி ஏறத்தாழ மூன்று மடங்கு அகலமானது; ஒரே வரியில் தேய்ந்த பகுதியும் தேயாத பகுதியும் வெவ்வேறு ஆழத்தில் இருப்பதால், வெவ்வேறு பருமனுள்ள முட்களை வைத்துப் பார்த்து, தேயாத சுவரைத் தொடும் முள்ளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது சிக்கல், இரைச்சலை நீக்கும் ஆசை. கணினி வடிகட்டிகளை மிகையாகப் பயன்படுத்தினால் அரக்கின் உரசலோடு வல்லின மெய்களின் வெடிப்பும் கமகத்தின் நுனியும் சேர்ந்தே போய்விடும். எஞ்சுவது சொல் தெளியாத வழவழப்பான ஓசையே. ஓரளவு இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு குரலை முழுமையாகப் பெறுவதே அறிவுடைமை. ஆல்பத்தோடு கரடுமுரடான மாதிரிப் பதிவுகளையும் வைத்துக் கேட்கும் த்ராஷ் மெட்டல் ரசிகருக்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஒலிக்கு இணையாக ஆவணமும் வேண்டும். லேபிளுக்கு அருகே தட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும் மேட்ரிக்ஸ் எண், அதாவது பதிவின் அடையாள எண், எந்தப் பதிவுப் பயணத்தில் அது எடுக்கப்பட்டது என்பதைக் காட்டிக்கொடுக்கும். கம்பெனியின் இந்தியப் பதிவுகளை மைக்கேல் கின்னியர் தொகுத்த பட்டியல் நூல்கள் இதற்குத் துணைநிற்கும். மும்பையில் 1990-ல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தின் பணியும், கிராமபோன் பாட்டுப் புத்தகங்களையும் தட்டுகளையும் காத்துவரும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கையில், கோவையின் கல்வி நிறுவனம் ஒன்றோ தொழில் குடும்பம் ஒன்றோ இப்பொறுப்பை ஏற்பது எட்டாத காரியமாகாது. 1914-லேயே சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரத் திரையரங்கைக் கட்டியெழுப்பிய ஊர் இது. புதிய பொறிகளின் வழியே கலையைப் பரப்புவது அதற்குப் புதிதல்ல.

சட்டத்தில் தடையேதும் இல்லை. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகளே உரிமைக் காலம் என்பதால், தாயியின் தட்டுகள் எப்போதோ பொதுவுடைமையாகிவிட்டன. 1961-ல் மறைந்த டெலாஜின் படைப்புக்கும் இந்தியச் சட்டப்படி அக்காலம் கடந்துவிட்டது. ஆகவே அந்த 'ராகமாலிகா'வைக் கோவையிலேயே ஒரு பாடகியும் பியானோ கலைஞரும் நிகழ்த்த, அதைப் புதிதாகப் பதிவு செய்து தாயியின் மூலத் தட்டுக்கு அடுத்து வைக்கலாம். பாரிஸ் இசையமைப்பாளர் எந்தச் சங்கதியைச் சரியாகப் பிடித்தார், எந்தக் கமகம் அவர் தாளில் ஏறாமல் நழுவியது என்பதைக் கேட்பவரே ஒப்பிட்டு அறிந்துகொள்வார்கள்.